மலையைப் பார்த்துத் திருப்பிய படகு

அந்தப் படகு எங்கள் ஊருக்கு லாரியில் வந்தது. பாய்மரத்தைக் கழற்றிப் பக்கவாட்டில் கட்டியிருந்தார்கள். கரும்பு ஏற்றுகிற லாரியில் கரும்புக்குப் பதிலாக வெள்ளையாக ஒரு படகு, மூக்கை வெளியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கச்சிராயபாளையம் கடைத்தெருவில் டவுன் பஸ் ஒதுங்கி வழிவிட்டது. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே பக்கமாகச் சாய்ந்து எட்டிப் பார்த்தார்கள். லாரிக்குப் பின்னால் என் கணவர் பைக்கில் வந்துகொண்டிருந்தார். அவர் முகத்தில் வெட்கமும் பெருமையும் கலந்திருந்தன. எங்கள் கல்யாணத்தன்றுகூட அவர் அப்படி இருந்ததில்லை.

அவருடைய அக்கா, என் நாத்தனார், அடுத்த வீட்டில் இருக்கிறார். முறத்தைக் கையில் வைத்தபடியே வெளியே வந்து நின்றார்.

"இன்னாடா இது? கடலே இல்லாத ஊருக்குக் கப்பல இட்டுக்கினு வர்ற?"

"கப்பல் இல்லக்கா, படகு. ஓட்டைய அடைச்சிட்டு எடுத்துக்கினு பூடுவேன்."

"எங்க, கோமுகி டேமுக்கா?"

"கடலுக்குக்கா."

நாத்தனார் என்னைப் பார்த்தார். நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். சிரித்தால் என் கணவருக்குக் கோபம் வரும் என்று எனக்குத் தெரியும்.

என் கணவர் புதுச்சேரியில் ஃபைபர் படகு செய்கிற ஒரு பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைச் சேர்த்து வைத்ததும் படகுதான். கல்வராயன் மலையில் இருக்கிற கரியாலூரில் சுற்றுலாவுக்கு வருகிறவர்களுக்காக விட்டிருந்த மிதிபடகுகளைச் சரிசெய்ய அவர் மலைக்கு வந்தார். நான் அந்த ஊர்ப் பக்கத்து மலைக்காரி. தண்ணீர் ஓரத்தில் உட்கார்ந்து அவர் படகின் வயிற்றைத் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்துப் பார்த்து, இரண்டு வீட்டுக்கும் பிடிக்காமல், பிறகு இரண்டு வீடும் மனமிறங்கி, கீழே கச்சிராயபாளையத்துக்கு வாழ வந்தேன். என் அண்ணன் மட்டும் கடைசிவரை முகத்தைத் தூக்கிக்கொண்டே இருந்தான். "கீழ வெயில்ல வதங்கிப் பூடுவ" என்பதுதான் கல்யாணத்தன்று அவன் எனக்குச் சொன்ன ஆசி.

ஃபைபர் தூள் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இருமல் விடாமல் பிடித்தது. கொஞ்ச காலத்துக்கு அந்தத் தூள் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் வேலையை விட்ட அதே சமயத்தில், பட்டறையில் படகை நிறுத்தியிருந்த ஒரு வெளிநாட்டுக்காரர் ஊரோடு போய்விட முடிவு செய்தார். படகின் அடியில் பெரிய விரிசல். வாங்க ஆள் இல்லை. உடைத்துப் போடச் சொல்லிவிட்டாராம். இவர் போய், "உடைக்க வேணாங்க, எனக்குக் குடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். தூள் பக்கமே போகக்கூடாதவர், தூளிலேயே செய்த ஒரு முழுப் படகை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். முகத்தில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வதாக எனக்குச் சத்தியம் செய்து கொடுத்தார்.

படகை எங்கள் மனையின் பின்பக்கம், கரும்புத் தோட்டத்து வரப்பை ஒட்டி, பழைய லாரி டயர்களின்மேல் நிறுத்தினார்கள். அந்த வருஷம்தான் எங்கள் ஓட்டு வீட்டைப் பிரித்துக் கான்கிரீட் வீடு கட்டிக்கொண்டிருந்தோம். அதுவரைக்கும் தங்க ஒரு தென்னங்கீற்றுக் கொட்டாய் போட்டிருந்தோம். சித்திரையில் ஒரு நாள் சாயங்காலம் காற்றும் மழையும் சேர்ந்து வந்து கொட்டாயைத் தூக்கிப் பக்கத்துக் கொல்லையில் போட்டுவிட்டன. பாத்திரத்தையும் பாயையும் பொறுக்கிக்கொண்டு நனைந்தபடி நின்றோம். நாத்தனார் வீட்டில் அப்போது அவருடைய மாமனார் படுத்த படுக்கையாக இருந்தார். அங்கே கால் வைக்க இடமில்லை. சுற்றிலும் நனையாமல் நின்றது படகு ஒன்றுதான்.

"ஏறு" என்றார் என் கணவர்.

அப்போது நான் மாசமாக இருந்தேன். அவர் கீழே ஒரு ஸ்டூலைப் போட்டுக் கையைக் கொடுத்தார், நான் ஏறினேன். அப்படித்தான் நாங்கள் படகில் குடி போனோம்.

அதன் கேபினை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உட்காரலாம், படுக்கலாம், நிமிர்ந்து நிற்க முடியாது. இரண்டு பக்கமும் நீளமாக ரெக்சின் தைத்த ஸ்பாஞ்சு இருக்கை. முன்னால் மூக்குப் பக்கம் முக்கோணமாக ஒரு படுக்கை, அதற்கு மேலே கூரையில் தூக்கித் திறக்கிற ஒரு மூடி. பக்கவாட்டில் ரயில் பெட்டி ஜன்னலில் பாதிகூட இல்லாத கண்ணாடிகள். மழை பெய்த அந்த ராத்திரி அது சொர்க்கமாக இருந்தது. மறுநாள் மேகம் கலைந்து வெயில் ஏறியதும்தான் நாங்கள் எதற்குள் குடி வந்திருக்கிறோம் என்று எனக்குப் புரிந்தது. இட்லிப் பானைக்குள் உட்கார்ந்ததுபோல இருந்தது. கூரையில் உள்ளங்கையை வைக்க முடியவில்லை. ரெக்சின் முதுகில் ஒட்டிக்கொண்டு உரித்துக்கொண்டு வந்தது. சூடேறிய ஃபைபர் வாடை வேறு தலைக்கு ஏறியது.

மலையில் சித்திரை வைகாசியிலும் ராத்திரியில் போர்த்திக்கொண்டு படுப்போம். எனக்கு இந்த வெயிலே புதிது. வெளியே புளியமரத்தடியில் கட்டில் போட்டுப் பகலை ஓட்டினேன். ஆனால் வீட்டு வேலை நடந்த இடம் அது. மணலும் சிமெண்டும் செங்கல்லுமாக ஆள் நடமாட்டம். ஒரு வயிற்றுக்காரி கொஞ்சம் படுத்துக்கொள்ள மறைவு வேண்டாமா? ஒரு நாள் மத்தியானம் தலைசுற்றலோடு கேபினுக்குள் போய்ப் படுத்தேன். எழுந்திருக்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நாத்தனார்தான் ஓடி வந்து தண்ணீர் தெளித்தார்.

செய்தி எப்படி மலைக்குப் போனதோ, இரண்டாம் நாளே அண்ணன் பஸ் பிடித்து வந்துவிட்டான். ஒரு பலாப்பழத்தைத் தோளில் வைத்திருந்தான். அதை இறக்கி வைக்கக்கூட இல்லை.

"துணிய எடுத்து வை. போவலாம்."

"இன்னும் நாள் இருக்குதுண்ணா. அம்மா வூட்டுக்கு வர்றதுக்கு நேரம் வரட்டும்."

"நேரம் வர்ற வரைக்கும் நீ இருக்கணும் இல்ல? இதுக்குள்ள ஆடு மாடு கூட இருக்காது. இன்னா மாப்ள, நான் சொல்றது தப்பா?"

என் கணவர் இருமிக்கொண்டிருந்தார். அவரை அந்த நிலைமையில் தனியாக விட்டுப் போக எனக்கு மனசில்லை. தனியாக இருந்தால் ராத்திரி பகலாக அந்த விரிசலைத் தேய்த்துக்கொண்டே இருப்பார், முகத்தில் துணியும் கட்டமாட்டார். அதை அண்ணனிடம் சொல்ல முடியுமா? அதனால் வேறு ஒன்று சொன்னேன்.

"அமாவாசைக்கு நீ சந்தைக்கு வருவ இல்ல? அப்ப வா. உச்சி வெயில்ல இந்த ரூம்ல நீயே ஏறிப் படு. உன்னால இருக்க முடியலன்னா நான் அப்பவே கெளம்பி வந்துடறேன்."

அண்ணன் படகை ஏற இறங்கப் பார்த்தான். "சரி. அமாவாசைக்கு உன் துணிப் பைய கட்டி ரெடியா வச்சிரு" என்று சொல்லிவிட்டுத்தான் பலாப்பழத்தைக் கீழே வைத்தான்.

அவன் போனதும் என் கணவர் சொன்னார்: "உன்ன யாரு இந்தப் பந்தயம் கட்டச் சொன்னது?"

"கட்டியாச்சு. இப்ப இன்னா பண்ணலாம், சொல்லுங்க."

முதலில் செய்தது முட்டாள்தனமாகப் போனது. கூரைமேல் கோணிச் சாக்குகளைப் பரப்பித் தண்ணீர் ஊற்றினோம். கொஞ்ச நேரம் கூரை குளிர்ந்தது. ஆனால் மூடியும் கண்ணாடியும் சாக்குக்கு அடியில் மூடிக்கொண்டன. உள்ளே காற்றே இல்லை. புழுக்கம் இன்னும் ஜாஸ்தியானது. தண்ணீர் எங்கோ ஒரு ஓட்டை வழியாக இறங்கி ஸ்பாஞ்சு இருக்கையை நனைத்தது. மறுநாள் அதிலிருந்து ஈர நாய் வாடை வந்தது.

அடுத்து அவர் பழைய பாய்மரத் துணியை எடுத்துக் கூரைக்கு மேலே இழுத்துக் கட்டினார். கடலில் நிற்கிற படகுகளில் அப்படித்தான் நிழல் கட்டுவார்களாம். கூரையில் நேரடி வெயில் விழாமல் நின்றது. ஆனாலும் துணி கூரையைத் தொட்டுக்கொண்டு கிடந்ததால் துணியின் சூடு அப்படியே உள்ளே இறங்கியது. எங்கள் மலை வீடுகளின் நினைவு எனக்கு அப்போது வந்தது. கூரைப் புல்லுக்கும் மண் போட்டு மெழுகிய பரணுக்கும் நடுவில் ஆள் தவழ்கிற அளவுக்கு இடம் விட்டிருப்பார்கள். அங்கே சாமை மூட்டையும் வெங்காயமும் இருக்கும். எவ்வளவு வெயில் அடித்தாலும் அந்தச் சூடு பரணுக்குக் கீழே வராது.

"துணி கூரைமேல படக்கூடாதுங்க. நடுவுல காத்து போறதுக்கு வழி வுடணும்" என்றேன்.

அவர் சவுக்குக் கம்பு வாங்கக் கிளம்பினார். படகின் இரண்டு பக்கமும் கம்பு நட்டு, குறுக்கே மூங்கில் கட்டி, கூரைக்கு மேலே ஒரு முழம் இடைவெளி விட்டு இன்னொரு கூரை போட்டோம். கரும்பு வெட்டு முடிகிற நேரம் அது. வரப்பெல்லாம் காய்ந்த கரும்பு இலை, சோகை என்போம், குவிந்து கிடந்தது. அதையே அள்ளி வந்து மேலே கனமாக வேய்ந்தோம். வேய்வதில் அவருக்குக் கை வரவில்லை. நான் கீழே உட்கார்ந்து சோகையைப் பிடி பிடியாகக் கட்டிக் கொடுத்தேன், நாத்தனார் மேலே ஏறி அடுக்கினார். "கப்பலுக்குக் கூரை போட்டவ இந்த ஜில்லாவுலயே நான் ஒருத்திதான்" என்று அவரே சொல்லிக்கொண்டார்.

உள்ளே இருந்த ரெக்சின் இருக்கைகளைத் தூக்கி வெளியே போட்டோம். அடியில் மூங்கில் பட்டையை இடைவெளி விட்டு அடித்து, மேலே கோரைப் பாய் விரித்தோம். முதுகுக்குக் கீழேயும் காற்று போனது. உள்ளே ஸ்டவ் பற்ற வைப்பதை நிறுத்தி, டீகூட வெளியே புளியமரத்தடியில் வைத்தேன். கூரையில் இப்போது கை வைக்க முடிந்தது. ஆனால் காற்று மட்டும் உள்ளே வரமாட்டேன் என்றது. மூடியைத் திறந்து வைத்தாலும் காற்று அதற்கு மேலாகத் தாண்டிப் போய்விட்டது.

அன்று சாயங்காலம் அவர் படகின் முன்னால் நின்று வெகுநேரம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் மனையிலிருந்து பார்த்தால் மேற்கே கல்வராயன் மலை சுவர்போல நிற்கும். அந்த மாதத்தில் பகல் காற்று அங்கிருந்துதான் வரும்.

"தண்ணியில இருந்தா நங்கூரத்தப் போட்டதும் படகு தானா திரும்பிக் காத்தப் பாத்து நிக்கும். மூக்கு வழியா காத்து உள்ள பூந்து பின்னால போயிடும். இங்க டயர்மேல வச்சிட்டோம். அதுக்குத் திரும்ப வழியில்ல. லாரி எப்டி எறக்குச்சோ அப்டியே கெழக்கப் பாத்துக்கினு நிக்குது."

"அப்ப நாமளே திருப்பிடலாம்" என்றேன்.

விளையாட்டாகச் சொன்னேன். அவர் நேரே போய்க் கரும்பு வெட்டுகிறவர்களிடம் பேசிவிட்டு வந்துவிட்டார். வேலை இல்லாத ஒரு நாள் காலையில் பத்துப் பதினைந்து பேர் ஆணும் பெண்ணுமாகத் திரண்டு வந்தார்கள். புதுக் கூரையை முதலில் தூக்கி ஓரமாக வைத்தார்கள். படகுக்கு அடியில் சவுக்குக் கட்டைகளைக் கொடுத்து நெம்பி, டயர்களில் சோப்புத் தண்ணீர் ஊற்றி, கயிறு கட்டி இழுத்தார்கள். படகு முதலில் அசையவே இல்லை. பிறகு திடீரென்று கிறீச்சிட்டுக்கொண்டு அரை முழம் நகர்ந்தது. எல்லாரும் ஓ என்று கத்தினார்கள். நாத்தனார் கொடிமரத்தின் முன்னால் நிற்பதுபோலக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நடுவில் ஒரு டயர் பிதுங்கி வெளியே ஓடியது, படகு சாய்ந்துவிட்டது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது இரண்டு பெண்கள் முதுகைக் கொடுத்து முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். "இன்னா பாத்துக்கினு நிக்கிறீங்க, டயர வையுங்கடா!" என்று அவர்களில் ஒருத்தி போட்ட சத்தத்தில்தான் ஆண்கள் நகர்ந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் படகு மலையைப் பார்த்து நின்றது, கூரையும் மறுபடி மேலே ஏறியது. எல்லாருக்கும் கேழ்வரகுக் கூழும் பச்சை மிளகாயும் கொடுத்தோம்.

கடைசி வேலை காற்றைப் பிடித்து உள்ளே இறக்குவது. மூடிக்கு மேலே துணியால் ஒரு பை மாதிரி தைத்து, வாயைக் காற்றுக்கு எதிரே விரித்துக் கட்டினால் அது காற்றை மடக்கி உள்ளே தள்ளும் என்றார். பாய்மரத் துணியில் தைத்துப் பார்த்தார். அது கனம்; புயல் அடித்தால்தான் விரியும் போல இருந்தது. நான் என்னுடைய மெல்லிய வாயல் புடவை ஒன்றை எடுத்து நீட்டினேன். மஞ்சளில் சின்னச் சின்னப் பூப் போட்டது, கல்யாணத்துக்குப் பிறகு அவர் முதன்முதலில் வாங்கிக் கொடுத்தது.

"இதயா?"

"வயித்துக்கு இப்ப இத கட்ட முடியல. காத்தாவது கட்டிக்கட்டும்."

அந்தப் புடவை லேசான காற்றுக்கே உப்பிக்கொண்டது. மூடி வழியாகக் காற்று இறங்கி, கோரைப் பாய்மேல் தவழ்ந்து, பின்பக்க வாசல் வழியாக வெளியே போனது. மலைக்காற்று என்றதும் குளிர்ச்சி என்று நினைத்துவிட வேண்டாம். மலையிறங்கி, காய்ந்த காட்டைத் தாண்டி வருவதற்குள் அது அனலாகிவிடும். ஆனால் ஈரமே இல்லாத காற்று. முன்பு கூரைமேல் பரப்பித் தோற்றுப்போன அதே கோணிச் சாக்கை நனைத்து, காற்று இறங்குகிற வாய்க்குக் கீழே தொங்கவிட்டேன். காற்று அதில் பட்டு உள்ளே வந்தபோது என் கை மயிர் சிலிர்த்தது. "ஏங்க, இங்க வாங்க" என்று கத்தினேன். அவர் குனிந்து உள்ளே வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார். இருவரும் சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளே ஈர மண்ணும் கரும்புச் சோகையும் கலந்த வாசனை. அன்று பகலில் அவர் இருமவே இல்லை, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

அமாவாசையன்று அண்ணன் வந்தான். சந்தை முடிந்து, உச்சி வெயிலில், சட்டை நனைய நடந்து வந்தான். படகுக்குமேல் சோகைக் கூரையும், அதற்கு முன்னால் மஞ்சள் புடவை உப்பிக்கொண்டு நிற்பதும் அவனுக்குப் பிடிக்கவில்லை.

"இன்னா இது, கோயில் திருவிழா மாதிரி பண்ணி வச்சிருக்கீங்க?"

"உள்ள போய்ப் படுண்ணா. அதானே பேச்சு."

"பேச்சுன்னா பேச்சுதான். பையக் கட்டியாச்சா?"

பையைக் காட்டினேன். உண்மையாகவே கட்டி வைத்திருந்தேன். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து, தலையில் ஒரு முறை இடித்துக்கொண்டு உள்ளே போனான். மண்பானைத் தண்ணீர் ஒரு சொம்பு கொடுத்தேன். குடித்துவிட்டுக் காலை நீட்டினான். நானும் என் கணவரும் புளியமரத்தடியில் உட்கார்ந்து காத்திருந்தோம். எப்போது வெளியே வந்து கத்துவானோ என்று அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குறட்டைச் சத்தம் வந்தது.

நாத்தனார் வந்து எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சாக்கு காயும்போதெல்லாம் நான் சத்தம் போடாமல் போய்த் தண்ணீர் தெளித்துவிட்டு வந்தேன். வெயில் சாய்ந்து, மலைக்குப் போகிற கடைசி பஸ்ஸும் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அதன் பிறகுதான் அண்ணன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலில் வந்து உட்கார்ந்தான்.

"பஸ்ஸு பூட்ச்சா?"

"பூட்ச்சு."

"எழுப்பக் கூடாதா?"

"நல்லா தூங்கினு இருந்தியே."

அவன் என் கணவரைப் பார்த்தான். கல்யாணமானதிலிருந்து அவரை அப்படி நேராக அவன் பார்த்து நான் கண்டதில்லை. "மாப்ள, நம்ம வூட்டு மச்சுக்கும் இந்த மாதிரி துணி ஒண்ணு தெச்சுக் குடுப்பியா?" என்று கேட்டான். மலையில் எதற்கு என்று நான் வாயெடுத்தேன். என் கணவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். "தெச்சுத் தர்றேன் மச்சான்" என்றார்.

அந்தக் கோடை முழுக்க நான் அங்கேயே இருந்தேன். நாத்தனார் மத்தியானத்தில் முறத்தையும் பயறையும் எடுத்துக்கொண்டு படகுக்கே வந்துவிடுவார். சில நாள் படகைத் திருப்பிய பெண்களும் வருவார்கள். நிமிர முடியாத அந்த அறையில் காலை மடக்கி, ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து, பேசிப் பேசியே தூங்கிப்போவோம். இவர் வெளியே முகத்தில் ஈரத்துணியோடு அடிப்பக்கம் தேய்த்துக்கொண்டிருப்பார். அந்தச் சரக் சரக் சத்தம்தான் எங்களுக்குத் தாலாட்டு. ஆடியில் கான்கிரீட் போட்டார்கள். ஆவணியில் நான் மலைக்குப் போனேன். என்னைக் கூட்டிப் போக அண்ணன்தான் வந்தான், இந்த முறை அவசரப்படாமல், ஒரு தூக்கம் போட்டுவிட்டு. புரட்டாசியில் மகள் பிறந்தாள்.

மறு வருஷம் படகு தயாராகி, வந்த மாதிரியே லாரியில் புதுச்சேரிக்குப் போனது. கழிமுகத்தில் இறக்கிவிட்டு அவர் எனக்கு போன் செய்தார். மகளைத் தூக்கிக்கொண்டு போனேன். வெள்ளோட்டத்தில் எனக்கு வாந்தி நிற்கவில்லை. கரைக்குப் பக்கத்தில் வந்து நங்கூரம் போட்டார். படகு மெல்லத் திரும்பியது. யாரும் நெம்பவில்லை, யாரும் கத்தவில்லை. காற்று உள்ளே வந்தது. மகள் கோரைப் பாயில் கையை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் வாசலில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்டி இருக்குது?"

"நல்லா இருக்குது. கச்சிராயபாளையத்துல இன்னும் நல்லா இருந்துச்சு" என்றேன்.

அவர் சிரித்தார். அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அடுத்த மழைக்காலத்துக்குள் படகை ஒரு மீனவ நண்பரிடம் கொடுத்துவிட்டு ஊரோடு வந்து வெல்டிங் பட்டறை போட்டார். இருமல் எப்போதாவது மார்கழியில் வருவதோடு சரி. கான்கிரீட் வீடு கோடையில் கொதிக்கிறது. ஏ.சி. வைத்திருக்கிறோம். கதவைச் சாத்திக்கொண்டு அவரவர் அறையில் படுத்துக்கொள்கிறோம். மத்தியானத்தில் யாரும் வருவதில்லை.

நாத்தனாருக்கு இப்போது முட்டி வலி, அதிகம் நடப்பதில்லை. போன வாரம் கேழ்வரகு அடை கொண்டுபோய்க் கொடுத்தேன். சாப்பிட்டுக்கொண்டே, "அந்தக் கப்பல்ல படுத்துக்கினு இருந்தோமே, அந்த மாதிரி தூக்கம் அப்பறம் வரவே இல்ல பாரு" என்றார். நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அன்று சாயங்காலம் வரைக்கும் பேசிக்கொண்டிருந்தேன்.